ஒரே கதையை ஊர் முழுக்க வாசிக்க வைக்க முடியுமா? (நூலகமும் பள்ளிக்கூடமும் சேர்ந்து, மட்டக்களப்பு – அம்பாறை)

வாவிக்கரை | கல்லடி | வெள்ளி இரவு 9.12

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக மனதில் உருள்கிற ஒரு யோசனை. திட்டினாலும் பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

1998இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் நான்சி பேர்ல் என்ற நூலகர் ஒரு வேலை தொடங்கினார். நகரத்தார் எல்லாரும் ஒரே காலத்தில் ஒரே நாவலை வாசிப்பது, பிறகு நூலகங்களில் கூடி அதைப் பற்றிப் பேசுவது. 2001இல் சிக்காகோவும் தொடங்கியது. அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்கள்.

எங்கள் பக்கம் இப்படி ஒன்று செய்ய முடியாதா? ஒரு நூலகம், அதைச் சுற்றி மூன்று நான்கு பள்ளிக்கூடம், ஒரே ஒரு கதை. பிள்ளைகள், பெற்றோர், கடைக்காரர், ஆட்டோ அண்ணாமார் எல்லாரும் அதை வாசித்திருக்க வேண்டும். பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிறவரிடம் "அந்தக் கதையில அவள் ஏன் திரும்பிப் போனவள்?" என்று கேட்டால் அவருக்கு விளங்க வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

நான் நூலகரும் இல்லை, ஆசிரியரும் இல்லை. வாசகர் வட்டத்துக்குப் போகிற ஒரு ஆள். ஒன்பது பேர் வருவோம். அதில் ஐந்து பேர் பென்சன்காரர். ஒருவர் பேப்பர் பார்க்க வந்து மழைக்கு ஒதுங்கியவர், அப்படியே தங்கிவிட்டார். எங்கே தொடங்குவது, யாரிடம் போவது, சொல்லுங்கள்.


படுவான்கரை_டீச்சர் | வெள்ளி இரவு 10.05

தம்பி, யோசனை நல்லது. ஆனால் எங்கள் பக்கத்து நிலவரத்தையும் கேளுங்கள்.

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் நூலகம் என்றால் அதிபரின் அறைக்குப் பின்னால் நிற்கிற இரண்டு கண்ணாடி அலுமாரிகள்தான். பூட்டியபடி இருக்கும். ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் இடைவேளையில் அந்த அலுமாரிக்கு முன்னால் தலையைச் சரித்துக்கொண்டு நிற்பான். முதலில் கண்ணாடியில் முகம் பார்க்கிறான் என்றுதான் நினைத்தேன். ஒரு நாள் கிட்டப் போய்க் கேட்டால், இரண்டாம் தட்டில் உள்ள புத்தகங்களின் பெயரை இடமிருந்து வலமாக அப்படியே ஒப்புவித்தான். பதினேழு பெயர். உள்ளே ஒரு பக்கம்கூட அவன் பார்த்ததில்லை.

பிள்ளைகளுக்கு வாசிக்க விருப்பமில்லை, எல்லாம் போன்தான் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கண்டால் எனக்கு அந்தப் பிள்ளையின் கழுத்துத்தான் ஞாபகம் வரும்.


அலுமாரித்திறப்பு | ஓய்வுபெற்ற நூலக ஊழியன் | வெள்ளி இரவு 11.30

டீச்சர் சொன்ன அந்தப் பூட்டின் திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவன் நான். எங்கள் பக்கத்து நியாயத்தையும் ஒருவர் சொல்லத்தானே வேண்டும்.

வருடம் முடிந்தால் கணக்கெடுப்பு. பதிவேட்டில் உள்ள ஒவ்வொரு இலக்கத்துக்கும் புத்தகத்தைக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் விளக்கம் எழுத வேண்டும், சில நேரம் காசும் கட்ட வேண்டும். ஒரு மாரிக்கு வெள்ளம் வீட்டுக்குள் வந்த ஒரு தாய், மகள் இரவல் எடுத்த புத்தகத்தை சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வந்தா. பாண் மாதிரி ஊதிப் போயிருந்தது. "ஐயா, கட்டிலுக்கு மேலதான் வச்சனாங்கள், கட்டிலே மிதந்துட்டு" என்றா. என்ன சொல்ல? வாங்கி வெயிலில் வைத்தேன். கணக்கெடுப்புக்கு வந்தவருக்கு அது புத்தகமாகத் தெரியவில்லை. காசு என் சட்டைப்பையிலிருந்து போனது. சின்னத் தொகைதான். ஆனால் அதற்குப் பிறகு யாராவது புத்தகம் கேட்டால் முகத்தை ஒரு தடவை கூடுதலாகப் பார்க்கத் தொடங்கிவிட்டேன். இப்படித்தான் அலுமாரி பூட்டப்படுகிறது. ஆள் கெட்டவன் என்பதால் இல்லை.

இந்திய நூலக அறிஞர் இரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதி சொன்னார். முதல் விதியே நூல்கள் பயன்பாட்டுக்கு என்பதுதான். நாங்களும் பரீட்சைக்கு அதைப் பாடமாக்கித்தான் வேலைக்கு வந்தோம்.

தம்பி கேட்ட "யாரிடம் போவது" என்பதற்கு வருகிறேன். பொது நூலகம் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைக்குக் கீழே. பள்ளிக்கூடம் கல்விக்குக் கீழே. இரண்டு வீட்டு வாசல். ஒரே கடிதத்தை இரண்டு பக்கமும் கொடுத்தால் இரண்டு பேரும் மற்றவர் பதில் வரட்டும் என்று வைத்துவிடுவார்கள். முதலில் சபைச் செயலாளரிடம் எழுத்தில் ஒரு சம்மதம் வாங்குங்கள். அதன் பிரதியை இணைத்து வலயக் கல்விப் பணிப்பாளருக்கு எழுதுங்கள். மறுகா அதிபர்மார்.


கொழும்பு_இரவுபஸ் | சனி காலை 6.48

ஏன் இவ்வளவு தலையிடி? கதையைப் பீடிஎப் ஆக்கி வட்ஸ்அப்பில் அனுப்பினால் முடிந்தது. "நூலகம்" என்ற இணையத்தளம் 2005 தொடக்கம் எவ்வளவு ஈழத்து நூல்களை ஏற்றி வைத்திருக்கிறது! எல்லாம் இலவசம்.


பத்தில_படிக்கிறன் | சனி காலை 7.20

அண்ணா, வட்ஸ்அப்பில வந்த கதை ஒண்டையும் நான் முழுசா வாசிச்சதில்ல. போன் அம்மாட. அம்மா வேலைக்குப் போனா போனும் போயிரும். ரியூசன் நோட்ஸ் வரும், அதுக்குக் கீழ கதை போயிரும்.

இன்னொண்டு. தயவுசெய்து கட்டுரைப் போட்டி வைக்காதீங்க.


படுவான்கரை_டீச்சர் | சனி காலை 8.02

கடைசி வரிக்கு நூறு புள்ளி.

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். அந்த மாதம் என்ன நடக்கும் என்று பள்ளிக்கூடத்துக்குள் இருக்கிறவர்களுக்குத் தெரியும். பதாகை, ஊர்வலம், பேச்சுப்போட்டி, "வாசிப்பின் முக்கியத்துவம்" என்று ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையை அக்கா எழுதிக் கொடுப்பா, தங்கச்சி பரிசு வாங்குவா. வாசிப்பு எவ்வளவு முக்கியம் என்று முந்நூறு சொல்லில் எழுதிய பிள்ளைக்கு அந்த மாதத்தில் ஒரு கதையாவது வாசிக்க நேரம் கிடைத்ததா என்று யாரும் கேட்பதில்லை.

மாதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்த மாதத்தை நம்பி இதைத் தொடங்க வேண்டாம் என்கிறேன்.


கைத்தறி_மருதமுனை | சனி காலை 10.15

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மட்டக்களப்பு – அம்பாறை என்று தலைப்பில் போட்டதால் உள்ளே வந்தேன். உண்மையிலேயே எங்களையும் சேர்த்தா, அல்லது தலைப்புக்கு மட்டுமா?

கோபத்தில் கேட்கவில்லை. தமிழ்ப் பள்ளிக்கூடத்தின் நாட்காட்டி வேறு, முஸ்லிம் பள்ளிக்கூடத்தின் நாட்காட்டி வேறு. நோன்புக்கு எங்களுக்கு விடுமுறை. இப்போதெல்லாம் நோன்பு பெப்ரவரி, மார்ச் பக்கம் வருகிறது. ஒரு காலத்தில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏதோ செய்யப் போனார்கள், தேதி குறித்தது நோன்பு இருபதில். பின்னேரம் நாலு மணிக்கு, தேத்தண்ணியோடு. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. யாரையும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஆகவே முதலில் தேதி. கதை பிறகு.


வாவிக்கரை | சனி பகல் 12.40

வஅலைக்கும் ஸலாம். காக்கா, தலைப்புக்கு மட்டும் இல்லை. ஆனால் நோன்பை யோசித்தேனா என்றால், இல்லை. நன்றி.

சரி, கழித்துப் பார்ப்போம். நவம்பர் முதல் ஜனவரி வரை மழை, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பாதை எப்போது இருக்கும், எப்போது இருக்காது என்று சொல்ல முடியாது. பெப்ரவரி, மார்ச்சில் நோன்பும் பெரும்போக அறுவடையும். ஏப்ரல் வருடப்பிறப்பு. வைகாசி வந்தால் கண்ணகை அம்மன் கோயில் சடங்கு, ஊரே கோயிலில். ஓகஸ்டில் தவணைப் பரீட்சை, லீவு. ஒக்டோபரை டீச்சர் வெட்டிவிட்டார். மிச்சத்தில் வசதியானது ஜூன் நடுப்பகுதி தொடக்கம் ஜூலை நடுப்பகுதி வரை. கச்சான் காற்று முகத்தில் அடிக்கிற காலம்தான், ஆனாலும் வேறு வழி தெரியவில்லை.


அலுமாரித்திறப்பு | சனி பகல் 1.10

ஜூன் 19ஆம் தேதியைக் கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறார்கள். பி. என். பணிக்கர் 1995இல் அன்றுதான் காலமானார். 1945இல் 47 கிராம நூலகங்களைச் சேர்த்து ஒரு சங்கம் தொடங்கிய மனிதர், ஒரு பள்ளிக்கூட வாத்தியார். ஜூலை 19 எங்கள் விபுலானந்த அடிகளின் நினைவு நாள், 1947. காரைதீவில் பிறந்தவர், கல்லடியில் சிவானந்தா பள்ளிக்கூடத்தைக் கட்டியவர், அம்பாறைக்கும் சொந்தம், மட்டக்களப்புக்கும் சொந்தம். 19இலிருந்து 19, கணக்காக ஒரு மாதம். தானாக அமைந்ததை ஏன் விடுவான்?


கொழும்பு_இரவுபஸ் | சனி பகல் 1.25

அப்படியென்றால் கதை தேடவே வேண்டாம். அடிகளாரின் கட்டுரை ஒன்றையே எடுங்கள். மறைந்து 70 வருடம் தாண்டிவிட்டது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி காப்புரிமைக் காலம் முடிந்தது. யாரிடமும் அனுமதி கேட்காமல் எத்தனை ஆயிரமும் அச்சடிக்கலாம்.


படுவான்கரை_டீச்சர் | சனி பகல் 2.00

சட்டம் சரி. ஆனால் அந்தத் தமிழை ஏழாம் வகுப்பில் வைத்தால் ஒவ்வொரு வரிக்கும் நான் பொருள் சொல்ல வேண்டும். மறுகா அது இன்னொரு பாடவேளை. அடிகளார் மேல் மரியாதை இருக்கிறதால்தான் சொல்கிறேன், அவரைப் பிள்ளைகளுக்குப் பயங்காட்ட வேண்டாம்.

ஒரு அளவு வைத்துக்கொள்வோம். ஐந்தாம் ஆறாம் வகுப்புப் பிள்ளை துணையில்லாமல் வாசிக்க வேண்டும். அதே கதையை அதன் தாத்தா கேட்டால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கக்கூடாது. இரண்டையும் தாண்டுகிற கதை அவ்வளவு இலேசில் கிடைக்காது.


பனிக்குள் | ரொறன்ரோ | சனி பகல் 2.45

நான் களுவாஞ்சிக்குடிப் பக்கம். இங்கே நாங்கள் சிலர் சேர்ந்து புத்தகம் அனுப்பத் தயார். பத்துப் பெட்டி என்றாலும் சரி.


அலுமாரித்திறப்பு | சனி பின்னேரம் 3.20

தம்பி, குறை நினைக்காதேங்க. பெட்டி அனுப்ப வேண்டாம்.

பெட்டி வந்த நாட்களை நான் பார்த்திருக்கிறேன். திறந்தால் மேலே நாலு நல்ல நாவல், கீழே பழைய கணினிக் கைநூல், யாரோ பிள்ளைகளின் பாதி நிரப்பிய பயிற்சிக் கொப்பி, ஒரு தடவை தொலைபேசி விபரக்கொத்துக்கூட. அதையும் பதிவேட்டில் ஏற்ற வேண்டுமா என்று இரண்டு நாள் யோசித்தோம். ஏற்றினால் வருடா வருடம் கணக்குக் காட்ட வேண்டும்.

உதவ வேண்டுமென்றால் தாள் வாங்கித் தாருங்கள். ஒரு ஏ4 தாளை இரண்டாக மடித்தால் நாலு பக்கம். நாலு தாள் மடித்து நடுவில் இரண்டு கம்பி அடித்தால் பதினாறு பக்கச் சின்னப் புத்தகம். முந்நூறு பிரதிக்கு 1200 தாள், அதாவது ஐந்நூறு தாள் கட்டு மூன்றுக்குள் வேலை முடியும். அட்டைக்குத் தடித்த தாள் வேறு. இந்தப் புத்தகம் பதிவேட்டில் ஏறாது. இலக்கம் இல்லை, திருப்பித் தரவும் வேண்டாம். தொலைந்தால் தொலையட்டும், தொலைகிற இடத்தில் யாராவது எடுத்து வாசிப்பார்கள். கச்சான் கடலை சுற்றினாலும் சுற்றுகிறவன் ஒரு பக்கம் பார்ப்பான்.

முப்பது வருடம் திறப்பு வைத்திருந்தவனுக்கு இதைச் சொல்லும்போது வருகிற நிம்மதி உங்களுக்கு விளங்காது.


கைத்தறி_மருதமுனை | சனி பின்னேரம் 5.10

கணக்கில்லாத புத்தகம். இது எனக்குப் பிடித்திருக்கிறது.

கதைக்கு ஒரு யோசனை. எதை எடுத்தாலும் யாருக்கோ நோகும் என்பது எங்கள் மண்ணின் நிலை, அதை மறைத்துப் பிரயோசனம் இல்லை. ஆனால் 1978 நவம்பர் 23 இரவு அடித்த சூறாவளி ஆள் பார்த்து அடிக்கவில்லை. எங்கள் உம்மம்மா அந்த இரவை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறா. கூரை போன பிறகு நெசவுத்தறியின் கீழே பிள்ளைகளைத் தள்ளிவிட்டு மேலே பாயைப் போட்டு, அதற்கு மேலே தான் படுத்தாவாம். விடிந்து பார்த்தால் தென்னையெல்லாம் ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக் கிடந்ததாம், தொழுகையில் சுஜூதில் இருக்கிற மாதிரி. கல்லடியிலும் இதே கதை இருக்கும், வாழைச்சேனையிலும் இருக்கும். ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட யாரைக் கேட்டாலும் அந்த இரவு எங்கே இருந்தேன் என்று சொல்லுவார்.

சூறாவளியை வைத்து எழுதுகிற எழுத்தாளர் எங்கள் இரண்டு மாவட்டத்திலும் இல்லாமல் போகமாட்டார். உயிரோடு இருக்கிற ஒருவரிடம் கேட்டு, அனுமதியை எழுத்தில் வாங்கி, பதினாறு பக்கத்துக்குள் ஒரு கதை.


பத்தில_படிக்கிறன் | சனி பின்னேரம் 5.32

எங்கட அம்மம்மாவும் 78 எண்டு தொடங்கினா நிப்பாட்டமாட்டா. ஆனா அம்மம்மாக்கு வாசிக்கத் தெரியாது. அவவும் இதுல சேரலாமா?


படுவான்கரை_டீச்சர் | சனி இரவு 7.45

மகள் (மகனோ?), உன் கேள்வியை வாசித்துவிட்டுச் சோறு வடிக்க மறந்து நின்றேன். குழைந்துபோனது.

நாங்கள் எல்லாரும் சியாட்டில், கேரளம் என்று சுற்றிவிட்டு வருகிறோம். ஒரே கதையை ஊர் முழுக்கக் கேட்கிறது எங்களுக்குப் புதிதா? வைகாசியில் அம்மன் கோயிலில் கண்ணகி வழக்குரை பாடுகிறபோது முன்னால் இருக்கிற கிழவிகளில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? ஆனால் பாடுகிறவர் ஒரு அடி விட்டால் திருத்துவது அவர்கள்தான். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் சடங்கு பதினெட்டு நாள். பாரதக் கதை முழுவதையும் ஊர் கூடியிருந்து பார்க்கிறது, கேட்கிறது. வனவாசம் போகிற அன்று அழுகிறவர்கள் யாரும் புத்தகம் புரட்டியவர்கள் இல்லை.

ஆகவே என் தரப்பு இது. பிள்ளை புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு ஆளுக்கு உரத்து வாசிக்க வேண்டும். அம்மம்மா, அப்பப்பா, பக்கத்து வீட்டு மாமி, யாராக இருந்தாலும் சரி. வாசித்து முடித்த பிறகு "உங்களுக்கு அன்றைக்கு என்ன நடந்தது?" என்று ஒரே ஒரு கேள்வி. எழுத வேண்டாம். கேட்டுவிட்டு வந்தால் போதும். வகுப்பில் வாயால் சொல்லட்டும்.

வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளை என் வகுப்பில் ஆறு பேர். அம்மம்மாவுக்கு முன்னால் தடுமாறினால் யாரும் சிரிக்கமாட்டார்கள். அதுதான் எனக்கு இதில் பெரிய விசயம், நூலகம், கடிதம் எல்லாம் அதற்குப் பிறகு.


கொழும்பு_இரவுபஸ் | சனி இரவு 8.20

பீடிஎப் யோசனையை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் ஒன்று: அந்த வாய்மொழிகளில் நல்லதாகப் பத்தையாவது யாராவது போனில் ஒலிப்பதிவு செய்யுங்கள், அவர்களின் சம்மதத்தோடு. 78ஐக் கண்டவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்து வருகிறார்கள். என் அப்பா போன மாரியில் போய்விட்டார். கேட்காமல் விட்டேன்.


வாவிக்கரை | சனி இரவு 9.50

அண்ணா, கவலையாக இருக்கிறது.

இதுவரைக்கும் வந்ததை வைத்து நான் செய்யப் போவது: திங்கட்கிழமை எங்கள் நூலகருடன் பேசுவேன். பிறகு சபைக்குக் கடிதம். முதல் வருடம் ஒரு நூலகம், வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் இரண்டு பள்ளிக்கூடம், படுவான்கரையில் டீச்சரின் பள்ளிக்கூடம், காக்கா பக்கத்தில் ஒன்று. முந்நூறு பிரதி. சலூன், ஆட்டோ தரிப்பிடம், சனசமூக நிலையம், தேத்தண்ணிக் கடை என்று ஐம்பதை ஒதுக்குவோம். பரிசு இல்லை, போட்டி இல்லை, பிரதம விருந்தினர் இல்லை.


அலுமாரித்திறப்பு | சனி இரவு 10.10

பிரதம விருந்தினர் இல்லையென்றால் சபையில் கதவு திறக்காது, தம்பி. அனுபவத்தில் சொல்கிறேன். கடைசி நாளுக்கு ஒருவரைக் கூப்பிடுங்கள். ஆனால் பேசுவதற்கு இல்லை, கதையில் ஒரு பக்கத்தை உரத்து வாசிப்பதற்கு. மாலை வேண்டுமென்றால் போடுங்கள்.

படுவான்கரைக்குப் பிரதிகளை நான் கொண்டுபோவேன். 1931இல் தமிழ்நாட்டில் மன்னார்குடிப் பக்கம் மாட்டுவண்டியில் நூலகம் ஊர் ஊராகப் போனது. என்னிடம் மாடு இல்லை, சைக்கிள் இருக்கிறது. குருக்கள்மடத்தால் போய்ப் வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையில் ஏற்றி அம்பிளாந்துறையில் இறங்கினால் டீச்சரின் பக்கம்தானே?


படுவான்கரை_டீச்சர் | சனி இரவு 10.22

பக்கம்தான் ஐயா. ஆனால் பாதையில் ஏறும்போது புத்தகத்தைச் சொப்பிங் பையில் சுற்றிக்கொண்டு வாங்கோ. ஒரு தடவை ஊதினது போதும்.


கைத்தறி_மருதமுனை | சனி இரவு 10.31

கதை தேடுகிற வேலையை என்னிடம் விடுங்கள். மூன்று பேரைக் கேட்கப் போகிறேன். வருகிற கதைகளை முதலில் அந்தப் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக் கொடுப்போம். சலித்தால் சலிக்கிறது என்று சொல்லும் ஆள் அதுதான்.


பத்தில_படிக்கிறன் | ஞாயிறு காலை 6.55

மகள்தான் டீச்சர்.

சரி வாசிக்கிறன். ஆனா ரியூசன் ஞாயிறு பின்னேரம் மட்டும்தான் இல்ல. அம்மம்மாட்ட நேத்து இரவே சொல்லிட்டன். கதை வர முதலே அவ தொடங்கிட்டா.